ராயப்பன் ஃபோர்மேன் வாங்கிய மாரிஸ் மைனர்

ஹார்பர் போட் யார்டில் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் போன மாதம் காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தார்கள். துருவைச் சுரண்ட மெஷின் வந்துவிட்டதாம். மணலைக் காற்றோடு பீச்சி அடித்தால் லாஞ்சுப் படகின் அடிவயிறு கொஞ்ச நேரத்தில் பளபளவென்று ஆகிவிடுகிறதாம். "உங்க காலத்துல சுத்தியால தட்டித் தட்டி எப்டி நைனா எடுத்தீங்க? அத்த எய்திக் குடுங்க, சங்கத்து மலர்ல போடணும்" என்றார்கள்.

எனக்கு எழுத வராது. கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத் தமிழில் மாற்றிக்கொள்கிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன். அதை மாற்றினால் அவர்கள் முகமே மாறிவிடும்.

பிள்ளைகள் கேட்டது கப்பல் வேலையை. எனக்கு ஞாபகம் வருவது ஒரு கார். அதைச் சொன்னால் மற்றதும் கூடவே வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

என் அப்பா போட் யார்டில் வேலை பார்த்துச் செத்துப்போனார். அவர் இடத்தில் என்னைப் போட்டார்கள். கையில் சிப்பிங் சுத்தியைக் கொடுத்தார்கள். தலை ஒரு பக்கம் உளி மாதிரி இருக்கும், அதைக் கொண்டு துருவைக் கொத்தி எடுக்க வேண்டும். டேங்குக்குள் உட்கார்ந்து நாலு பேர் கொத்தினால் மண்டைக்குள்ளேயே கொத்துவது போல இருக்கும். முதல் வருஷம் காது அடைத்துக்கொண்டே இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகியது காதா, காது கேட்காமல் போனதா என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

எங்கள் ஃபோர்மேன் பெயர் ராயப்பன். ராயபுரத்து ஆள். மெலிந்த உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை. நாங்கள் எல்லோரும் செங்கல் சூளையில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருப்போம். அவர் சட்டையில் மட்டும் துரு ஒட்டாது. அது எப்படி என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டார். வேலை முடிந்ததென்று சொன்னால் வந்து, கட்டைவிரலைத் தகட்டின் மேல் வைத்து மெல்லத் தடவிக்கொண்டே நடப்பார். சந்தேகம் வந்த இடத்தில் சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். உள்ளே செத்துப்போன தகடு தொப்பென்று சொல்லும். நன்றாக இருந்தால் "ம்" என்று நகர்ந்துவிடுவார். இல்லையென்றால் நகராமல் அங்கேயே நிற்பார். நாங்களாகவே சுத்தியை எடுத்துக்கொள்வோம்.

கெட்ட தகட்டை வெட்டி எடுப்பதற்கு அவர் பயப்படவே மாட்டார். "கப்பலுக்கு உள்ள எலும்புக்கூடு கீது. தகடு வெறும் தோலு. உரிச்சா ஒண்ணும் ஆவாது" என்பார். நிஜம்தான். கப்பலுக்குள்ளே விலா எலும்பு போல இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். தண்ணீர் வடித்த டிரை டாக்கில் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் படகில், இந்தப் பக்கம் ஒரு தகடு அந்தப் பக்கம் ஒரு தகடு என்று ஒரே நேரத்தில் உரித்தாலும் அது அசையாது. அவர் கை வைத்த படகு எதுவும் தண்ணீர் குடித்துத் திரும்பி வந்ததில்லை. அதனால் நாங்கள் அவர் சொன்னதற்கு மேல் யோசித்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ராயப்பன் சார் ரிடையர் ஆகக் கொஞ்ச காலமே இருந்தபோது, அவர் மனைவி திரேசாம்மாவுக்கு முட்டி போய்விட்டது. பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் காலை மடக்கி உட்கார முடியாது. அந்த அம்மாவின் அக்கா பழவேற்காட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு தடவை வாடகைக் கார் வைத்துப் போனார்கள். அக்கா தலையை மடியில் எடுத்து வைப்பதற்குள் டிரைவர் வாசலில் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டானாம். திரும்பி வரும்போது, "இனிமே சாவுக்குத்தான் போவணும் போல கீது" என்று திரேசாம்மா சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை சார் மனதில் தைத்துவிட்டது.

சார் வாலிபத்தில் லாரி ஓட்டியவர். லைசென்ஸ் இருந்தது. கார்தான் இல்லை. புதுக் கார் வாங்கும் நிலைமை எங்களில் யாருக்கும் கிடையாது. அப்போதுதான் எண்ணூரில் கடலைப் பார்த்த ஒரு பழைய பங்களாவில் மாரிஸ் மைனர் ஒன்று சும்மா நிற்கிறது என்று தெரிந்தது. வீட்டுக்காரர்கள் வெளியூர் போய்விட்டார்கள். தகரக் கொட்டகைக்குள் பச்சை நிறத்தில், நாலு கதவோடு, உருண்டை உருண்டையாக நின்றது. பின்சீட்டில் வாட்ச்மேன் வீட்டுக் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. பழைய இரும்புக்காரன் கேட்ட விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டுக் கொடுத்து சார் அதை வாங்கிவிட்டார். மேலே பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை. குனிந்து கீழே பார்த்தால் சல்லடை. கடல் காற்று கீழேயிருந்துதான் தின்னும்.

கயிறு கட்டி ஒரு மினி லாரி பின்னால் இழுத்து வந்தோம். ஸ்டியரிங்கில் எங்கள் வெல்டர் டில்லி பாபு. திருவொற்றியூர் வருவதற்குள் கார் உள்ளேயிருந்து ஒரே கத்தல்.

"சார், என் காலு ரோட்டுல கீது சார்!"

லாரியில் நின்றிருந்த சார் திரும்பிப் பார்த்தார். "அப்ப அதாலயே பிரேக் புடிச்சிகினு வா" என்றார். அவர் ஜோக்கடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சார் வீட்டுக்குப் பின்னால் வலை காயப்போடும் காலி இடம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே கூடினோம். இன்ஜினில் பெரிதாக ஒன்றுமில்லை. கார்புரேட்டரில் குளவி கூடு கட்டியிருந்தது, அதைச் சுத்தம் செய்து, பிரேக்கையும் பார்த்து, எங்கள் டீசல் மெக்கானிக் ஒருவர் ஓட வைத்துவிட்டார். பாடி எங்கள் பொறுப்பு. முன்சக்கரத்துக்கு அருகில் ஒரு கட்டை, பின்சக்கரத்துக்கு அருகில் ஒரு கட்டை வைத்து, டிரை டாக்கில் படகை உட்கார வைப்பது போல உட்கார வைத்தோம். நடுவில் வைக்க இடமில்லை. ஜாக்கி வைத்தால் காரின் தரைத்தகடு பிய்த்துக்கொண்டு மேலே வந்தது. கதவுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தோம்.

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், நீளமாக ஒரு தகட்டுப் பெட்டி ஓடும். வாசற்படி மாதிரி. அங்கேதான் துரு அதிகம். கப்பலில் அடிக்கிற மாதிரி ஒன்று போட்டேன். சுத்தி அந்தப் பக்கம் போய் மண்ணைக் கொத்தியது.

"மாமு, பாத்து. அந்தாண்ட யாராவது குந்திகினு இருக்கப்போறாங்க" என்றான் டில்லி.

"கெட்டதெல்லாம் போவட்டும். நல்ல தகடு வர்ற வரைக்கும் எடு" என்றார் சார். நல்ல தகடு வரவே இல்லை. படி முழுக்கப் போய்விட்டது. "ரெண்டு பக்கமும் ஒண்ணாவே எடுத்துடு. ஒரு வேலையை ரெண்டு வாட்டி இன்னாத்துக்குச் செய்யணும்?" என்றார். ரெண்டு பக்கமும் எடுத்தோம். அதற்குப் பதிலாக, லாஞ்சுக்குப் போடுகிற கனத்தில் பிளேட் வாங்கி வைத்தோம். டில்லி கரண்ட் வெல்டிங் பிடித்தான். கனமான பிளேட்டில் ஒட்டு ஜோராக நின்றது. அதைக் காரின் சொந்தத் தகட்டோடு சேர்க்கும்போது, அந்த மெல்லிய தகடு காகிதத்தில் சூடத்தை வைத்த மாதிரி ஓட்டை ஓட்டையாக எரிந்தது. அங்கங்கே பிடித்த இடத்தில் பிடிக்க வைத்து, மேலே பட்டி தடவினோம்.

கதவுகளின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. எங்களுக்கு அடியில் ஓட்டை இருந்தால் தூக்கம் வராது. யாரும் சொல்லாமலே டில்லி எல்லாவற்றையும் அடைத்துவிட்டான். சார் கட்டைவிரலால் தடவிப் பார்த்து "ம்" என்றார்.

கதவுகளை மாட்டியபோது ஒன்றும் சாத்தவில்லை. மேல் மூலை இடித்தது. "உப்புக் காத்து பட்டு கதவு உப்பிக்கிச்சி சார்" என்றான் டில்லி. மரக்கதவு உப்பும், இரும்பு எங்கேயாவது உப்புமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சார் அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்துவிட்டார். சாத்துகிற வரைக்கும் ராவினார். அப்புறம் பெயிண்ட். அதே பச்சை. தெருவே வந்து பார்த்தது. மீன் கூடையோடு போகிற அம்மாக்கள் இறக்கி வைத்துவிட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்தார்கள்.

ஒரு மழை பெய்தது. மறுநாள் சார் கதவைத் திறந்தால் உள்ளே சலக் சலக்கென்று சத்தம். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கின தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கதவுக்குள்ளேயே நின்றது. "சார், தண்ணி லாரி மாரி கீது சார். பக்கெட் எத்துகினு வரவா?" என்றான் டில்லி. எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார். டிரில் போட்டு ஓட்டைகளைத் திரும்பத் திறந்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த ஓட்டையைக் காருக்கு வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான். அப்படியானால் நாங்கள் வெட்டி எறிந்ததையும் அவன் தெரிந்துதானே வைத்திருப்பான்?

எங்கள் தெருவிலேயே பாஷா பாய் டிங்கர் ஷெட் வைத்திருந்தார். கார் பாடியில் நசுங்கினது, துருப்பிடித்தது எல்லாம் அவர் வேலை. சாயங்காலம் டீ குடிக்கும்போது கதையாகச் சொன்னேன். தண்ணி லாரிக்குச் சிரித்தவர், படியை வெட்டினதைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா அறுத்தீங்களா?"

"ஆமா பாய்."

"நடுவுல முட்டு?"

"முன்னாடி பின்னாடிதான் கட்டை."

"கதவு?"

"அப்பவே கயட்டிட்டோம்."

"நைனா, இது கப்பல் இல்ல. இதுக்கு உள்ள எலும்பே கெடையாது. தோலுதான் எலும்பு. அந்தப் படிதான் முன்னாடியையும் பின்னாடியையும் சேத்து புடிச்சிகினு இருந்திச்சி. அத்த எடுத்தா நடுவுல தொங்கிப்பூடும். தொங்கினதை அப்டியே வெச்சி ஒட்டிட்டீங்க. கதவு உப்பல, வண்டி மடங்கிகினு கீது."

"இப்ப இன்னா பாய் பண்றது?"

"ரெண்டு கதவுக்கும் நடுவுல நிக்குதே, அந்த நடுத்தூணுக்கு அடில, படியோட சேர்ற எடத்துல பெயிண்டுல கோடு வுட்டிருக்கா பாரு. வுட்டிருந்தா சவர பிளேடு வெச்சிப் பாரு. ஆளு குந்தும்போது பிளேடு உள்ள போனா, அந்த ஒட்டு புடிக்கல. தெருவுல மெல்லமா ஓட்டலாம். எண்ணூர் ரோட்டுல ஒரு பள்ளத்துல உட்டா ரெண்டா பூடும். பின்னாடி கன்டெயினர் லாரி வந்தா அவ்ளோதான்."

மறுநாள் வேலைக்கு முன்னால் சார் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தூணுக்கு அடியில் முடி மாதிரி ஒரு கோடு இருந்தது. ரெண்டு பக்கமும்.

வருகிற ஞாயிறு பழவேற்காடு என்று முடிவாகியிருந்தது. அந்த வாரம் நான் ரெண்டு தடவை சாரிடம் போனேன். ஒரு தடவை அவர் என்னையே பார்த்து, "அக்காவுக்கு பன்னு புடிக்குமாம், எந்தக் கடைல நல்லா கீதுன்னு திரேசா கேட்டா" என்றார். இன்னொரு தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் என் வேலையை அவர் தொட்டுப் பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார். அவர் வேலையைத் தொட்டுப் பார்க்க எனக்கு யார் கொடுத்தது அந்தக் கை? ரிடையர் ஆகப்போகிற மனுஷன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றைச் செய்திருக்கிறார். அது தப்பு என்று சொன்னால் அவர் செய்த படகுகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னது போல ஆகிவிடுமோ என்று பயந்தேன். சொல்லாமல் விட்டால் திரேசாம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார்.

ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் எல்லோரும் கூடினோம். சார் வேதக்காரர், ஆனாலும் டில்லி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். "சாமி எதுவா இருந்தா இன்னா சார், டயரு ஒண்ணுதானே" என்றான். கிளம்புவதற்கு முன்னால் எங்களை ஏற்றிக்கொண்டு தெருக்கோடி வரை போய்வரலாம் என்றார் சார். அவர் ஏறினார். டில்லி முன்னால் ஏறினான். மெக்கானிக் பின்னால் ஏறினார். திரேசாம்மா நல்ல புடவை கட்டி, பன் பையோடு வாசலில் நின்றார்.

"கன்னியப்பா, ஏறு" என்றார் சார்.

"நான் ஏறல சார்."

"ஏன் மாமு, லுங்கி கயண்டுக்குமா?" என்றான் டில்லி.

"நான் ஏற மாட்டேன் சார். அம்மாவையும் ஏத்தாதீங்க."

சார் இன்ஜினை நிறுத்தினார். எல்லோரையும் இறங்கச் சொன்னேன். குனிந்து, கையோடு கொண்டுவந்த சவர பிளேடை அந்தக் கோட்டில் வைத்தேன். நுழையவில்லை. ஏறச் சொன்னேன். பிளேடு வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே போனது. சார் என் கையிலிருந்து பிளேடை வாங்கினார். தானே மண்ணில் முட்டி போட்டார். டில்லியை இறங்கி இறங்கி ஏறச் சொன்னார். அந்தப் பக்கத் தூணையும் பார்த்தார். வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியால் நாங்கள் ஒட்டின இடங்களைத் தட்டினார். தொப், தொப், தொப். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

எழுந்து வந்து, "திரேசா, இன்னிக்கு வேணாம். பெட்ரோல் வாசனை அடிக்குது" என்றார். என்னைப் பார்க்காமலே, "நீ வூட்டுக்குப் போ" என்றார்.

டில்லி தெருமுனை வரை என் பின்னாலேயே வந்தான். "அவ்ளோ பேரு எதிர்ல சொல்லணுமா மாமு? தனியா சொன்னா இன்னா? பேஜாரு பண்ணிட்டியே." அவன் கேட்டது நியாயம்தான். தனியாகச் சொல்லப் போய் ரெண்டு தடவை வாய் வராமல் திரும்பியதை அவனிடம் நான் சொல்லவில்லை.

அடுத்து வந்த நாட்களில் சார் என்னோடு பேசவில்லை. வேலையை வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நான் சுரண்டினதைத் தடவிப் பார்ப்பார், "ம்" கூடச் சொல்லாமல் நகர்வார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து காலடிப்பேட்டைக்குத் திரும்பினேன். பாஷா பாய் ஷெட் வாசலில் பச்சை மாரிஸ் மைனர் நின்றது. ராயபுரத்திலிருந்து அவ்வளவு தூரம், சைக்கிள்காரர்கள் முந்திப் போகிற வேகத்தில் தனியாக ஓட்டி வந்திருக்கிறார். சார் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் ராயப்பன். போட் யார்டு. இத்த கெடுத்தது நான்தான். பசங்க நான் சொன்னதைச் செஞ்சாங்க. சரி பண்ண முடியுமா?"

பாய் சுற்றி வந்து பார்த்தார். "முடியும் சார். ஆனா நான் சொல்ற வரைக்கும் நீங்க அரத்தை எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்" என்றார் சார்.

பாய் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் காரின் அடியில் நீளமாக ஒரு பலகை கொடுத்து, நடுவில் ஜாக்கி வைத்து, ரொம்ப மெல்ல மேலே தூக்கினார். கொஞ்சம் தூக்குவார், போய் டீ குடிப்பார், வந்து இன்னும் கொஞ்சம். கதவு வாசல் பழைய அளவுக்கு விரிந்ததும், அது திரும்ப மடங்காதபடி குறுக்கே ஆங்கிள் இரும்பை வைத்துக் கட்டினார். அப்புறம்தான் எங்கள் கனமான பிளேட்டை அறுத்தார், அதுவும் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம் முழுக்க முடியும் வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. அழுகினதைத் தாண்டி நல்ல தகடு இருக்கும் இடம் வரை போய், மெல்லிய தகட்டை மடித்துப் பெட்டியாக்கி, கேஸ் வெல்டிங்கில் ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு தூரத்தில் அங்கே என்று வைத்தார். சூடு ஒரே இடத்தில் ஏறினால் தகடு சுருங்குமாம். ஒவ்வொரு பொட்டுக்கும் கதவை மாட்டிச் சாத்திப் பார்த்தார். சார் ராவி எடுத்த விளிம்பில் இப்போது விரல் போகிற சந்து. அங்கே கம்பி வைத்து ஒட்டித் திரும்ப வளர்க்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சார்தான். பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பார், பாய் கூப்பிட்டதும் எழுந்து பிடிப்பார்.

"இப்ப உடலாமா பாய்?"

"இன்னும் சூடு ஆறல சார்."

"சரி."

வெள்ளைச் சட்டையில் கருப்பும் துருவும் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை. நானும் வேலை விட்டதும் அங்கே போய் நின்றேன். ஒரு நாள் என்னிடம் கதவின் மறுமுனையைக் காட்டி, "அத்தப் புடி" என்றார். பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது. கடைசியில் பாய் எல்லோரையும் ஏற்றி இறக்கி, பிளேடை என் கையில் கொடுத்தார். நுழைய வழியில்லை. சார் சுத்தியால் தட்டினார். மெல்லிய தகடு, கப்பல் மாதிரி கணீரென்று கேட்கவில்லை. அதன் சத்தமே வேறு என்று பாய் சொன்னார். சார் அதை ரெண்டு மூன்று இடத்தில் தட்டிக் கேட்டுப் பழகிக்கொண்டார்.

ஒரு ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். திரேசாம்மா பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சார் உள்ளேயிருந்தே முன்கதவைத் தள்ளித் திறந்தார். நான் ஏறினேன்.

எண்ணூர் போகும் ரோட்டில் கன்டெயினர் லாரிகள் வரிசையாக நின்றன. ஊர்ந்துதான் போக முடிந்தது. திரேசாம்மா பின்னாலிருந்து பேச்சுக் கொடுத்தார்.

"அன்னிக்கு பெட்ரோல் வாசனைன்னாரே, அது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. இவரு அன்னிக்கு சோறு துன்னல. செவுத்தைப் பாத்துகினு, 'நான் உன்னை ஏத்தியிருப்பேன் திரேசா'ன்னாரு. அத்தயே திருப்பித் திருப்பிச் சொல்லிகினு இருந்தாரு."

"ரோட்டைப் பாத்து ஓட்ட வுடு" என்றார் சார்.

எண்ணூர் தாண்டினதும் திரேசாம்மாவின் பேச்சு நின்றது. லாரிகள் தோண்டி வைத்த பெரிய பள்ளம் ஒன்று, ஒதுங்க இடமில்லை. முன்னால் லாரி, பின்னால் லாரி. கார் இறங்கியது, அடியில் ஸ்பிரிங் முனகியது, ஏறியது. என் கை தானாகப் பின்னால் போய் நடுத்தூணைப் பிடித்துக்கொண்டது. தூண் அசையவில்லை. சார் என் கையைப் பார்த்தார். அப்புறம் மேலே கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். திரேசாம்மா பன் பையை மடியில் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எய்ந்துக்கவே இல்ல பாரு" என்றார் சார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் சொன்னார். "எய்ந்துக்கவே இல்ல."